ஆர்.வி. கூரைக்கு டெலஸ்கோப்பிக் ஏணி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

"ஆர்.வி.க்கென்றே வடிவமைக்கப்பட்டது" என்ற விளம்பரத்துடன் (ஆர்.வி. என்பது உள்ளே தங்கிப் பயணம் செய்யும் வசதியுள்ள வண்டி) இணையச் சந்தைகளில் மலிவாக விற்கப்படும், குழாய்க்குள் குழாயாகச் சுருங்கி நீளும் டெலஸ்கோப்பிக் ஏணி ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு வந்து சேர்ந்த ஏணியின் பூட்டு, சரியாக விழுந்துவிட்டது என்பதற்கான பச்சை நிறம் காட்டிக்கொண்டிருந்தபோதே நழுவி இறங்கியது. அந்த நேரத்தில் அதன்மேல் யாரும் ஏறியிருக்கவில்லை என்பதால்தான் இதை ஒரு நுகர்வோர் புகாராக எழுத முடிகிறது.

நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர். அதன் பின்புறத்தில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஏணி இல்லை. சுவரின் உட்புறத்தில் ஏணியைத் தாங்கும் சட்டம் இல்லாத டிரெய்லரில், பின்னால் ஒன்றை வாங்கித் திருகாணி போட்டுப் பொருத்தினால் சுவர் பிளந்து, அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் இறங்கும். ஆகவே தனியாக எடுத்துச் செல்லக்கூடிய ஏணிதான் ஒரே வழி. கூரைக்கு ஏன் ஏற வேண்டும் என்று ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரப்பர் படலம் போர்த்திய கூரையில் காற்றுப் போக்கிகள், ஏ.சி., ஆன்டெனா ஆகியவற்றைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் சீலன்ட் பசை டெக்சாஸ் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மேலே போய்ப் பார்த்துப் புதிதாகப் பூசாவிட்டால் ஒட்டுப்பலகை ஊறி அழுகத் தொடங்கிவிடும். அதற்காக ஏறும்போது ஏணி பத்தடி உயரத்தில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரத்தில் இருந்தவை இவை: பன்னிரண்டரை அடி நீளம், 330 பவுண்டு தாங்குதிறன், 'ஈ.என். 131 சான்று பெற்றது' (ஏணிகளுக்கான ஐரோப்பியத் தரம்), இரு பக்கமும் பூட்டு விழுந்ததைக் காட்டும் வண்ணக் குறி, மடித்தால் மூன்றடிக்குள் அடங்கும் அளவு. விலை நூறு டாலருக்குச் சற்று மேல். ஆயிரக்கணக்கான மதிப்புரைகளும் நாலரை நட்சத்திரங்களும் உடன் இருந்தன.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, தயாரித்தவர் யார் என்பது எங்குமே எழுதப்படவில்லை என்பதுதான். பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் லேபிளில் மாடல் எண் இல்லை, தயாரித்த மாதமோ ஆண்டோ இல்லை, நிறுவனத்தின் முகவரி இல்லை. 330 என்ற எண்ணும், ஐரோப்பாவில் விற்கும் சில வகைப் பொருள்களுக்கு இடும் சி.ஈ. முத்திரையும் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. இந்த இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இவற்றைப் பார்த்தே நம்பி வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் கையில் எடுத்துச் செல்லும் ஏணிகளுக்கான ஏ.என்.எஸ்.ஐ. ஏ14 தரவரிசையில் தாங்குதிறன் ஐந்து படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது: மூன்றாம் வகை 200 பவுண்டு, இரண்டாம் வகை 225, முதல் வகை 250, 1-ஏ வகை 300, 1-ஏ.ஏ. வகை 375. இதில் 330 என்று ஒரு நிலையே கிடையாது. அந்த எண் ஐரோப்பியத் தரமான ஈ.என். 131 குறிப்பிடும் 150 கிலோ என்ற உச்ச எடையைப் பவுண்டாக மாற்றியதால் வருவது. 330 என்று எழுதிய எல்லா ஏணியும் போலி என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பியத் தரத்தை உண்மையாகவே நிறைவு செய்யும் நல்ல ஏணிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தரத்தைச் சொல்லி விற்கிறவர் அதன் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும் அல்லவா? மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாய்வு ஏணிக்கு அடிப்பகுதி அகலமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கிறது. அதனால்தான் நல்ல நிறுவனங்களின் நீளமான டெலஸ்கோப்பிக் ஏணிகளின் அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தைப் பார்க்கிறோம். எங்களுக்கு வந்ததோ 3.8 மீட்டர் என்று சொல்லப்பட்ட ஏணி. குறுக்குச் சட்டமும் இல்லை, அதைப் பொருத்துவதற்கான துளைகூட இல்லை. சி.ஈ. முத்திரையோ ஏணிகளுக்குப் பொருந்துவதே அல்ல. இத்தகைய ஏணிகள் அந்த முத்திரைக்கு உட்பட்ட பொருள்களின் பட்டியலில் வருவதில்லை. எனவே வெறும் ஏணியின் மேல் அதைப் பார்த்தால் தரத்துக்கான அடையாளமாகக் கொள்ளாமல், சந்தேகத்துக்கான காரணமாகக் கொள்ளுங்கள்.

அளவுநாடாவை வைத்துப் பார்த்ததில், முழுவதும் நீட்டிய நிலையில் தரையிலிருந்து மேல்படி வரை பதினொன்றே முக்கால் அடிதான் இருந்தது. விளம்பரத்தில் சொன்னதற்கு முக்கால் அடி குறைவு. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் ஆர்.வி.க்கு இது பெரிய விஷயம். எங்கள் டிரெய்லரின் கூரை விளிம்பு தரையிலிருந்து பத்தடி எட்டு அங்குலம். நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியைச் சாய்த்து வைத்தால், அந்த நீளத்துக்கு விளிம்புக்கு மேல் ஏறத்தாழ ஒன்பது அங்குலம்தான் மிஞ்சுகிறது. பணியிடப் பாதுகாப்புக்கான ஓஷா விதிகள், கூரையில் கால் வைக்கும் இடத்துக்கு மேல் மூன்றடி ஏணி நீண்டிருக்க வேண்டும் என்கின்றன. அந்த விதி தொழிலாளர்களுக்கானது என்றாலும், கூரையிலிருந்து இறங்கும்போது கையால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும் என்ற தேவை எல்லோருக்கும் ஒன்றுதான். ஏறும்போது தெரியாத ஆபத்து, இறங்குவதற்காகப் பின்பக்கமாகத் திரும்பிக் காலை வெளியே நீட்டும்போதுதான் தெரியும். எங்கள் உயரத்துக்குப் பதினான்கு அடிக்குக் குறையாத ஏணி வேண்டும். உங்கள் கூரையின் உயரத்தை நீங்களே அளந்து, அதோடு மூன்றடி சேர்த்து, சாய்வுக்காக இன்னும் சில அங்குலங்களைக் கூட்டிக்கொண்டு தேடுங்கள். 'எட்டும் உயரம்' என்று விளம்பரங்களில் போடும் எண் ஏணியின் நீளம் அல்ல. அதன்மேல் நிற்பவரின் கை எட்டுகிற உயரத்தையும் சேர்த்துச் சொல்வது.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். டெலஸ்கோப்பிக் ஏணியின் ஒவ்வொரு படிக்குள்ளும் இரு முனைகளிலும் 'பின்' (pin) எனப்படும் பூட்டு முளை ஒவ்வொன்று இருக்கிறது. குழாயை மேலே இழுக்கும்போது அந்த இரண்டு பின்களும் ஸ்பிரிங்கின் உந்துதலால் குழாயில் உள்ள துளைகளுக்குள் போய் விழ வேண்டும். ஏணியின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இரண்டில் ஒன்று விழாவிட்டால், இரண்டு தாங்க வேண்டிய எடையை ஒன்றே கோணலாகத் தாங்கும். எங்கள் ஏணியில் கீழிருந்து மூன்றாவது படியின் இடப்பக்கக் குறி பச்சை காட்டியது. கேட்க வேண்டிய 'டக்' என்ற சத்தம் அந்தப் பக்கம் கேட்கவில்லை. என் மைத்துனர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அத்தான், பச்சை காட்டுது, ஆனா பின் பாதிதான் உள்ளே போயிருக்கு, ஏறாதீங்க" என்றார். பிறகு ஏணியைச் சுவரில் சாய்த்து, கையுறை போட்டுக்கொண்டு, தோள் உயரத்தில் இருந்த படியைப் பிடித்துத் தம் எடையில் ஒரு பகுதியை மட்டும் அதில் தொங்கவிட்டார். இடப்பக்கம் முதலில் சரிந்தது. அடுத்த நொடியில் வலப்பக்கப் பின்னும் விடுபட்டு, மேற்பகுதி மொத்தமும் ஓரடி கீழே இறங்கி அடுத்த படியின்மேல் மோதி நின்றது. கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் நெடுக்காக விரிசல் விட்டது. அந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் கை இருந்திருந்தால் விரல்கள் நசுங்கியிருக்கும்.

கழற்றிப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. குழாயில் போட்டிருந்த துளை சரியான வட்டமாக இல்லை. உட்புறத்தில் பிசிறுகள் நீட்டிக்கொண்டிருந்தன, விரலால் தடவினால் அலுமினியத் தூள் ஒட்டியது. பின்னின் முனை அந்தப் பிசிறில் தட்டி நின்றிருக்கிறது. பச்சைக் குறியோ பின்னோடு இணைக்கப்படாமல் பூட்டை விடுவிக்க வெளியில் உள்ள பொத்தானோடு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. பொத்தான் தன் இடத்துக்குத் திரும்பினால் போதும், பின் எங்கே நின்றாலும் பச்சை தெரியும். இதை நான் உற்பத்திக் குறை என்று மட்டும் கருதவில்லை. பூட்டு விழாததைப் பூட்டு விழுந்ததாகக் காட்டும் ஒரு குறியைப் பொருத்தி விற்பது ஏமாற்று வேலை.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். முதலில் காணொளி வேண்டும் என்றார்கள், அனுப்பினேன். அடுத்து, பதினைந்து டாலர் திருப்பித் தருகிறோம், ஏணியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்ததும் முப்பது சதவீதம் ஆனது. நான் மதிப்புரையில் விரிசல் விட்ட வளையத்தின் படத்தைப் போட்ட பிறகு, அந்த மதிப்புரையை நீக்கினால் பாதித் தொகை என்றார்கள். முழுத் தொகையும் வேண்டுமென்றால் வெளிநாட்டில் உள்ள ஒரு முகவரிக்கு என் செலவில் அனுப்ப வேண்டுமாம். அதற்கான கூரியர் கட்டணம் ஏணியின் விலையைவிட அதிகம். உடைந்த ஏணியை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சில்லறை தருவது தாராள மனம் அல்ல. அதை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்க்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும், பிறகு வங்கியிடம் போனாலும் நம் பக்கம் வலுவிழக்கும். தயவுசெய்து யாரும் இந்தப் பாதித் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதன்பின் அந்த மதிப்புரைகளைத் தேதி வரிசையில் பழையவற்றிலிருந்து படித்தேன். தொடக்கத்தில் இருந்தவை ஏணியைப் பற்றியவையே அல்ல. சமையலறை அலமாரிக்கு எட்டுவதற்கு வசதியாக இருக்கிறது, குளியலறையில் அம்மா உட்காரவும் பயன்படுகிறது என்று யாரோ ஒரு மடக்கு முக்காலியைப் பாராட்டியிருந்தார்கள். ஒரு பொருளுக்குச் சேர்ந்த நட்சத்திரங்களை இன்னொரு பொருளின் பக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும் இந்த வழக்கத்துக்காக, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2023 பிப்ரவரியில் வைட்டமின் விற்கும் நிறுவனம் ஒன்றின் மீது முதல்முறையாக நடவடிக்கை எடுத்து ஆறு லட்சம் டாலர் கட்ட வைத்தது. அப்படியிருந்தும் இது நின்றபாடில்லை. ஆகவே நட்சத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பழைய மதிப்புரைகளில் உள்ள படங்களைப் பாருங்கள், அவற்றில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் ஏணிதானா என்று பாருங்கள்.

விற்பனையாளரின் பெயரை அழுத்தி முகவரியைப் பார்ப்பதும் அவசியம். 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள இன்ஃபார்ம் நுகர்வோர் சட்டத்தின்படி, ஒரு சந்தையில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் விற்கும் மூன்றாம் நபர் விற்பனையாளரின் பெயர், முகவரி, தொடர்புகொள்ளும் வழி ஆகியவற்றை வாங்குபவர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். எங்கள் விற்பனையாளருக்குப் போட்டிருந்த முகவரிக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. தொடர்புகொள்ள முடியாத முகவரியும் ஒரு விடைதான். சந்தை நிர்வாகத்திடம் அதைக் குறிப்பிட்டுப் புகார் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன்.

பணம் கடைசியில் கிரெடிட் கார்டு வங்கியின் மூலம்தான் முழுவதும் திரும்பியது. 1974-ஆம் ஆண்டின் நியாயமான கடன் பில்லிங் சட்டம், ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளுக்கான கட்டணத்தை மறுக்க வழி தருகிறது. அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, அதிகபட்சம் 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விற்பனையாளர் காணொளி கேட்டு, மேலாளரிடம் கேட்கிறோம் என்று சொல்லி நாட்களைக் கடத்துவது இந்தக் கெடுவைத் தாண்டச் செய்வதற்காகத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அளவுநாடாவை ஏணியோடு வைத்து எடுத்த படம், விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), பாதித் தொகைக்குப் பேரம் பேசிய கடிதங்கள் ஆகிய மூன்றும் எனக்கு உதவின. விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புகாருக்குப் பின் அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

இப்போது நாங்கள் வைத்திருப்பது கீல்களால் மடியும் அலுமினிய ஏணி. 1-ஏ வகை, 300 பவுண்டு, லேபிளில் நிறுவனத்தின் பெயரும் மாடல் எண்ணும் தயாரித்த மாதமும் உள்ளன. டெலஸ்கோப்பிக் ஏணியைவிடச் சில பவுண்டு எடை அதிகம், மடித்தாலும் நீளமாகவே இருக்கும். ஆனால் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் இடம் இருப்பவர்களுக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. கீலின் பூட்டு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பின்னை நம்ப வேண்டியதில்லை. இடமே இல்லாத சிறிய வேன்களுக்கு டெலஸ்கோப்பிக்தான் வேண்டுமென்றால், கடையில் நேரில் நீட்டிப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கச் சத்தத்தையும் கேட்டு, பொத்தானை விடுத்துப் பின்னையே பார்த்து வாங்குங்கள். எந்த ஏணியானாலும் மேல்முனைகளில் ரப்பர் உறை இருக்கட்டும். இல்லாவிட்டால் கூரை ஓரத்தின் பிளாஸ்டிக் வடிகால் நொறுங்கிவிடும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், முகாம் இடங்களில் தலைக்கு மேல் போகும் மின்கம்பிகளைப் பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

இதே போன்ற ஏணியால் பாதிக்கப்பட்டவர்கள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி.யின் புகார்த் தளத்தில் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் அல்லது தம் பெயரில் விற்பவர் இவர்களில் ஒருவரையாவது குறிப்பிடாத புகாரை அவர்கள் பொதுவில் வெளியிடுவதில்லை. ஆகவே பெட்டியின் மேல் உள்ள வணிகப் பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஏணி இப்போது வேறொரு பெயரில், அதே படங்களுடன் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அடியில் குறுக்குச் சட்டம் இல்லாத, மாடல் எண் அற்ற மஞ்சள் லேபிள் ஒட்டிய, பொத்தானுக்கு அருகிலேயே பச்சைக் குறி உள்ள ஏணி உங்கள் வீட்டில் இருந்தால், யாரையும் அதில் ஏறவிடாதீர்கள். பணம் திரும்பும் வரை சான்றாக வைத்திருந்து, பின்னர் இரண்டாக அறுத்து அப்புறப்படுத்துங்கள், முழுதாகக் குப்பையருகே வைத்தால் வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள்.