வீட்டார் ஒத்துழைக்காதபோது கனடா பி.ஆர்.: பெயரை விடுவதா, கோர்ட்டா, உள்ளதைச் சொல்லி மனுவா?

கணவர் கும்பகோணத்தில். மனைவியும் ஏழு வயதுப் பிள்ளையும் மன்னார்குடியில், பிறந்த வீட்டில். பேச்சு நின்று இரண்டு வருடம், விவாகரத்து இல்லை. கணவருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (மதிப்பெண் பார்த்து பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு, கொடுக்கும் கனடா திட்டம்) அழைப்பு வந்து, மனுப் போட 60 நாள் கெடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் பிள்ளையும் கூட வராவிட்டாலும் அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை கேட்கிறது கனடா. 2025 ஆகஸ்ட் 21 முதல் அதை முடித்த பிறகே மனுவைப் போட வேண்டும். அதற்கு முன் சில காலம் மனு போட்ட பிறகுதான் கேட்டார்கள், சமாதானம் பேச நாள் கிடைத்தது.

மனுவில் மனைவி, பிள்ளை பெயரையே விட்டுவிடும் யோசனையை ஏஜென்ட்டுகளில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேண்டாம். பாஸ்போர்ட்டில் மனைவி பெயர், ரேஷன் கார்டில் பிள்ளை பெயர், பழைய விசா மனுவில் இரண்டும் இருக்கும். பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. குடியுரிமை வாங்கிய பிறகு தெரியவந்தாலும் அதைப் பறிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

முதலில் விவாகரத்து, பிறகு மனு என்பது கேட்க ஒழுங்கான வழியாகத் தெரியும். ஆனால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின் பரஸ்பர விவாகரத்துக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். பரிசோதனைக்கே வராதவர் அதற்கு மட்டும் வருவாரா? தனியாக வழக்குப் போட்டால், கைவிட்டுப் போனார் என்ற காரணத்துக்கே இரண்டு வருடப் பிரிவு காட்ட வேண்டும். அதற்கு மேல் வாய்தா. இதற்கிடையில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்குக் கிடைக்கும் மதிப்பெண் கரைகிறது: தனியாள் கணக்கில் 29 வயது வரை 110, 30ல் 105, 33ல் 88, 35ல் 77. ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் தீர்த்துக்கொண்டதைக் காட்டி விவாகரத்து ஆகிவிட்டது என்று எழுதுவதும் ஆபத்து. தீர்ப்பு நகல் கேட்பார்கள்.

பலர் யோசிக்காத இடம் வேறு. விவாகரத்து மனைவியின் பெயரைத்தான் பட்டியலிலிருந்து எடுக்கும். பிள்ளை 22 வயது ஆகும் வரை, மணமாகாதிருந்தால், உங்களைச் சார்ந்தவரே. யார் வளர்த்தாலும் பெயரை எழுத வேண்டும், பரிசோதனையும் வேண்டும். மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்துவிட்டு அதே சிக்கலுக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

அதனால் என் சாய்வு மூன்றாவது வழிக்கு: எல்லார் பெயரையும் எழுதி, உடன் வராதவர்கள் என்று குறித்து, ஒத்துழைப்பு கிடைக்காததை ஆதாரத்தோடு சொல்லி மனுப் போடுவது. இதில் மனைவியையும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பரிசோதனை செய்யாமல் விட்டவரைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. குடிவரவு விதிகள் 117(9)(டி) சொல்வது அதுதான். உறவு முறிந்த மனைவி விஷயத்தில் இந்த நஷ்டம் பெயரளவுதான். அவருடைய உடல்நிலையும் உங்கள் மனுவைக் கவிழ்க்காது, முறிவை நிரூபித்தால்: தனித்தனி முகவரி, வக்கீல் நோட்டீஸ், ஜீவனாம்ச மனு, மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. பரிசோதனைக்கு அழைத்த கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வாட்ஸ்அப் பதிலையும் சேருங்கள். பரிசோதனைச் சான்றைப் பதிவேற்றும் இடத்தைக் காலியாக விடாமல் விளக்கக் கடிதத்தை ஏற்றுங்கள். அவருடைய போலீஸ் சான்றுக்கும் இதே கதைதான், திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அவருக்குப் பதிலாக நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிற துணைக்கு இந்த வழி உதவாது. அங்கே முறிவும் இல்லை, அதிகாரி இரங்கக் காரணமும் இல்லை.

பிள்ளை விஷயத்தில் கடைசி நாள் வரை மல்லுக்கட்டுங்கள். பெரும்பாலும் தாயின் பயம், பரிசோதனைக்கு அனுப்பினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பது. அந்தப் பயத்துக்குத்தான் பதில் வேண்டும். பிள்ளை உடன் வரவில்லை என்று மனுவிலேயே இருப்பதைக் காட்டி, அதை எழுத்தில் கொடுங்கள். நீங்கள் அழைத்துப்போக வேண்டாம், தாய்மாமன் அழைத்துப்போகட்டும். பரிசோதனை சென்னையில் என்றால், மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், அன்றிரவே திரும்பலாம். டிக்கெட்டும் கட்டணமும் உங்கள் செலவு. ஏழு வயதுக்கு ஊசி கிடையாது: ரத்தம் 15 வயது முதல், எக்ஸ்ரே 11 முதல். உடல் பரிசோதனையும் சிறுநீரும்தான். கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செல்லும், குடும்ப டாக்டர் சான்று செல்லாது. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைக்கு எந்த அடையாளம் ஏற்பார்கள் என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள். தாயின் சம்மதமில்லாமல் பாஸ்போர்ட் எடுக்க இணைப்பு சி உறுதிமொழி உண்டு, ஆனால் 60 நாளுக்குள் அதை நம்ப முடியாது.

அங்கே போய்க் குடியேறக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணக் கணக்கிலும் வராத பிள்ளை ஒரு தலை. 2025 ஜூலை அளவில் ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001.

தாய் கடைசிவரை மறுத்தால்? பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தடுக்கிறார் என்று நிரூபித்தால், அதிகாரி பின்விளைவை எடுத்துச் சொல்லி, பிள்ளையைப் பிறகு ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது தெரியும் என உறுதிமொழி வாங்கிக்கொண்டு மனுவை நகர்த்தலாம். நகர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை, இது ஆளுக்கு ஆள் மாறும். அந்த உறுதிமொழியை அவர்கள் கேட்கும் முன் நீங்களாக நீட்டாதீர்கள். மனு நடக்கும்போது தாய் மனம் மாறினால் இணையப் படிவத்தில் உடனே தெரிவித்து, பிள்ளைக்குப் பரிசோதனை உத்தரவு கேளுங்கள். நீங்கள் பி.ஆர். ஆகும் நாளுக்கு முன் அது முடிந்துவிட்டால் 117(9)(டி) பிள்ளையைத் தொடாது.