பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: எனக்குப் போனது 1,42,000 ரூபாய்

நேற்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். 1,42,000 ரூபாய். கார் வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. ராத்திரி தூக்கமே வரவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து இதை எழுதுகிறேன். வயிறு எரிகிறது. இன்னொருத்தர் இதே மாதிரி மாட்டக்கூடாது.

விற்றது ஆன்லைனில் பழைய கார் விற்கும் ஒரு கம்பெனி. பெயர் போடவில்லை. வழக்குக்குப் போகிறேன், அதுவரை பொதுவில் பெயரைச் சொல்லாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூம், ஏசி, காபி, வண்டியை இத்தனை இடத்தில் சோதித்தோம் என்று அச்சடித்த அறிக்கை, அந்த வகை.

எனக்கு வீடு பொள்ளாச்சியில். வேலை கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவு. தினமும் போக வர 90 கிலோமீட்டர் பக்கம். அதனால்தான் டீசல். அதிலும் எந்த இன்ஜின் வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். மூன்று மாதம் அதைப் பற்றியே படித்தேன். ஸ்விஃப்ட், டிசையரில் வந்த அந்த 1.3 டீசல். 1248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. 75 குதிரைத்திறன் என்றால் காகிதத்தில் கம்மியாகத் தெரியும். ஆனால் 190 நியூட்டன் மீட்டர் இழுவை 2000 சுற்றிலேயே வந்துவிடும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு வால்பாறை ஏறினாலும் திணறாது. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக இருந்த காலத்தில் உருவாகி 2003-இல் போலந்தில் உற்பத்தி தொடங்கிய இன்ஜின். இங்கே மாருதி, டாடா, செவர்லே, ஃபியட் என்று இத்தனை கம்பெனிக் கார்களில் ஓடியதால் இதற்கு ‘தேசிய இன்ஜின்’ என்றே பெயர். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அதற்குப் பதில் செயின். 2020-இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. அதனால் இது வேண்டுமென்றால் பழசுதான் வாங்கியாக வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போனது. அந்த விற்பனைப் பையன் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அண்ணா, இது என்ன இன்ஜின்னு உங்களுக்கே தெரியுமுங்ணா. ஆயில் மட்டும் மாத்துங்க, அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடுமுங்” என்றான். நான் படித்து வைத்திருந்ததை அப்படியே என் வாய்க்குத் திருப்பி ஊட்டினான். இன்ஜினுக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயரை எடுத்து, தன் கையில் இருந்த ஒரு வண்டிக்கு உத்தரவாதமாக வைத்தான். நானும் தலையாட்டினேன்.

2016 மாடல். மீட்டரில் 68,400 கிலோமீட்டர். விலை 4,10,000. அதில் இரண்டு லட்சம் வீட்டுக்காரி நாலு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம், மீதி லோன்.

நம்பிய அந்த நிமிஷம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காலை ஒன்பதரை மணி. வண்டியைச் சுற்றி வந்தபோது பானட்டின் மேல் கை வைத்தேன். சுட்டது. “என்னப்பா, சூடாயிருக்கு?” என்று கேட்டேன். “நீங்க வர்றீங்கன்னு இப்பத்தானுங் வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தோம்” என்றான். எனக்காக அக்கறையாகக் கழுவி வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். சாவியைத் திருப்பினேன், ஒரே அடியில் எடுத்தது, புகை இல்லை, சத்தம் இல்லை. அந்தச் சூட்டுக்கு என்ன அர்த்தம் என்று பன்னிரண்டாவது நாள்தான் எனக்குப் புரிந்தது.

பதினோராவது நாள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன், கிணத்துக்கடவு நெருங்கும்போது ஊளையிடுவது மாதிரி ஒரு சத்தம். ஏதோ ஆம்புலன்ஸ் வருகிறது என்று ஓரம் கட்டினேன். சத்தம் என் பானட்டுக்குள்ளிருந்து. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த லாரியே தெரியவில்லை, அவ்வளவு புகை. நீலம் கலந்த வெள்ளை. உடனே ஆஃப் செய்தேன். ஒரு நொடி தாமதித்துத்தான் நின்றது. அந்த ஒரு நொடியின் அருமையை மறுநாள் மெக்கானிக் சொன்னபோது உடம்பு நடுங்கிவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கெட்டுப்போய், ஆயில் காற்றுப் பாதைக்குள் இறங்கிவிட்டால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவியை உருவினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கிற நிலைக்கு வந்துவிடும். அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை மூச்சடைக்கச் செய்ய வேண்டுமாம். இதையாவது எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டோ பண்ணி, பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக டீசல் வண்டி பார்க்கிறவர். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் மக்கில் சாய்த்தார். கால் மக்கு ஆயில் கொட்டியது. காற்று மட்டுமே போக வேண்டிய குழாய் அது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, விரலை வெச்சுப் பாரு” என்றார். டர்போவின் சின்னச் சக்கரம், நடுவில் ஒரு நட்டு. அதைப் பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று இரண்டு பக்கமும் சுவரில் இடித்தது. சக்கரத்தின் இதழ்கள் நுனியில் தேய்ந்து வளைந்திருந்தன.

நான் தினம் பார்ப்பது ஷாஃப்டும் பேரிங்கும்தான். நிமிடத்துக்கு 2900 சுற்று சுற்றும் பம்ப்பிலேயே இதில் நூறில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தால் நான் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். இந்த டர்போ ஷாஃப்ட் ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அது பேரிங்கில் உட்காருவதுகூட இல்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் ஒழுங்காகப் போனால் இன்ஜினோடு சேர்ந்து வாழும். போகவில்லை என்றால் உலோகத்தோடு உலோகம் உரசிச் செத்துப்போகும்.

ஆயில் ஏன் போகவில்லை? இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் நட்டை அண்ணன் கழற்றினார். இந்த இன்ஜினுக்கு ஊற்ற வேண்டியது மெல்லிய ஆயில், தண்ணீர் மாதிரி இறங்க வேண்டும். இறங்கியது வெல்லப்பாகு. “பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி, சிலிண்டர் புகை கீழ ஆயில் பக்கம் இறங்குது. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் தேஞ்சு போச்சு. புகை தெரியக்கூடாதுன்னு எதையோ கெட்டியா கலந்து ஊத்தியிருக்கானுக. சூடா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. காத்தால குளுந்து கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணா இந்தப் பாகு டர்போ வரைக்கும் போய்ச் சேர நேரமாகும். அதுக்குள்ள அது காஞ்சு சுத்தியிருக்கு” என்றார். அந்த டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதுவும் தளர்ந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி சலசலவென்று கேட்கும், டீசல் என்றால் அப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு நிற்கவில்லை. அண்ணன் சொல்லி, வண்டி நம்பரோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். 2021 ஜூனில் அங்கே சர்வீஸுக்கு விட்டபோது மீட்டரில் 1,37,000 சொச்சம். எனக்கு விற்றபோது காட்டியது 68,400. அதற்கப்புறம் எந்தப் பதிவும் இல்லை. ஐந்து நிமிஷம்! வாங்குவதற்கு முன்னால் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவு செய்திருந்தால் என் 1,42,000 மிஞ்சியிருக்கும்.

இனி அவர்கள் பதில். முதல் நாள் ஒரு பெண், மிக மரியாதையாக, “உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார், டிக்கெட் போட்டிருக்கேன், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க”. யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். வேறொருவர், திரும்ப முதலிலிருந்து கதை. “ரிட்டர்ன் அஞ்சு நாளுக்குள்ள சார்.” சரி, ஆறு மாச வாரண்டி கொடுத்தீர்களே? “வாரண்டி இன்ஜினுக்கு சார். டர்போ தேய்மானப் பொருள், அதுல வராது.” சரி, ரிங் இன்ஜினுக்குள்தானே இருக்கிறது? அதற்கு, “ஆயில் லெவல் கஸ்டமர் பார்த்திருக்கணும் சார்”. பதினோரு நாளில் நான் ரிங்கைத் தேய்த்துவிட்டேனாம். கிலோமீட்டரைப் பற்றிக் கேட்டதும் லைனை ஹோல்டில் போட்டார்கள், பதினேழு நிமிஷம், பிறகு கட்.

நேரில் போனேன். அந்தப் பையனைக் காணோம், “வேற பிராஞ்சுக்கு மாத்திட்டாங்க” என்றார்கள். மேனேஜர் அறிக்கையை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில், மீட்டர் அளவு முந்தைய உரிமையாளர் சொன்னபடி, நிறுவனம் பொறுப்பல்ல என்று இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து. “நீங்க படிச்சவரு, பார்த்துத்தானே சைன் பண்ணீங்க?” என்றார். வீட்டுக்காரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சீட்டுப் பணம் அவளுடையது. ஒரு வார்த்தை பேசவில்லை, வெளியே போய் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதை என்னால் மன்னிக்க முடியாது.

எப்படிப் பழைய டீசல் வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மணி ஆறரை ஆகிவிட்டது, பஸ் பிடிக்கணும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு, நீங்களே முதல் ஸ்டார்ட் போடுங்கள். பானட் சுட்டால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளினால் வேண்டாம். நம்பரை வைத்து சர்வீஸ் பதிவு எடுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், ஐநூறோ ஆயிரமோ கொடுங்கள். வாரண்டிக் காகிதத்தில் டர்போ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இன்றைக்கு இறக்குகிறார்கள். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தால் 1,42,000-க்கு மேலும் போகும் என்று சொல்லித்தான் அண்ணன் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்.