ஒரே கடைத் துணியா, நிறம் மட்டும் விதியா?

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிகள் சீருடை விதி எழுத உட்கார்ந்தால் இரண்டு வழிகள்: கட்டம் போட்ட ஒரே துணி, அதுவும் ஒரே கடையில், இல்லையென்றால் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை வீட்டுக்கே விடுவது.

முதல் வழியில் வகுப்பே ஒரே மாதிரி தெரியும். சிக்கல் ஜூனில் வரும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறக்கும் நேரத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் காசு புரளாது. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரை 4 செட் இலவசம். 9ஆம் வகுப்பிலிருந்து செலவு பெற்றோர் தலையில்தான்.

இரண்டாவதில் அண்ணன் பேன்ட் தம்பிக்கு ஆகும். ஆனால் ‘நீலம்’ என்று மட்டும் எழுதினால் வானநீலம் முதல் கருநீலம் வரை எல்லாம் வந்து நிற்கும். ஒரு சாண் துணியை மாதிரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். முக்காடு, துப்பட்டா இரண்டும் அதே நிறத்தில் இருக்கலாம் என்பதும், மாலை போட்ட பையனின் கறுப்பு வேட்டிக்கு விலக்கு என்பதும் எழுத்திலேயே இருக்கட்டும். வாய்மொழி அனுமதி ஆசிரியர் மாறினால் போய்விடும்.

எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே, வெள்ளையைத் தவிர்த்தால். உவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளை சீக்கிரம் பழுப்பேறும். இரும்புக் கொக்கி வேண்டாம். கடற்காற்றில் துருவேறி இடுப்பில் கறை விழும். பிளாஸ்டிக் பித்தான் போதும். பருத்தியென்றால் தைக்குமுன் ஓர் இரவு ஊறவைத்துக் காயவையுங்கள்; விளிம்பில் 2 அங்குலம் மடித்து விட்டால் அடுத்த வருஷமும் ஓடும்.