ஆயில் குடித்த கம்ப்ரஸர்: ஆறு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 5 எச்பி, இரண்டு ஸ்டேஜ் (காற்றை இரண்டு படியாக அழுத்தும்) பிஸ்டன் ஏர் கம்ப்ரஸர். முதல் மூன்று வருடம் ஆயில் பக்கம் திரும்பிப் பார்க்கவே தேவைப்படவில்லை. அப்புறம்தான் வந்தது வினை. ஆயில் மட்டம் காட்டும் சைட் கிளாஸில் நடுப்புள்ளியில் நின்ற ஆயில் பத்தே நாளில் அடிக்கு இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டேங்க் வடிகாலைத் திறந்தால் தண்ணீரோடு ஆயில் கலந்து பால் விட்ட டீ மாதிரி வழிந்தது.

பார்க்க வந்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ரிங் போச்சு." பிஸ்டனைச் சுற்றி, ஆயிலை மேலே விடாமல் தடுக்கும் வளையத்தைத்தான் சொன்னார். மாற்றினோம். புது ரிங் சிலிண்டரோடு படியக் கொஞ்ச நாள் ஓட வேண்டும் என்பதால் பொறுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் ஆகியும் ஆயில் செலவு குறையவில்லை. சிலிண்டர் சுவர் கண்ணாடியாக வழுவழுத்திருந்தால் ஹோனிங் (சுவரை லேசாகச் சொரசொரப்பாக்குவது) போடாமல் ரிங் மட்டும் மாற்றினால் படியாது என்றார்கள். மறுபடி கழற்ற மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் நோட்டுப் போட்டேன். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மில்லி ஊற்றினேன், டேங்க் நிறைய எத்தனை நிமிடம். கடைசிக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. நிறையும் நேரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போயிருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், தூசி அப்பி அட்டை போல இறுகிக் கிடந்தது. ஃபில்டர் அடைத்தால் பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே வெற்றிடம் உண்டாகிறது. ஆயில் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலோ வெளிக்காற்றின் அழுத்தம். ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறாமல் என்ன செய்யும்?

என் தப்பும் உண்டு. "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று புள்ளிக்கு மேல் ஊற்றுவேன். சிதறல் முறையில் ஆயில் போகும் மெஷினில் அது சிலிண்டருக்குக் கூடுதலாக வாரி இறைப்பதுதான். ஒருமுறை மீந்த கார் இன்ஜின் ஆயிலையும் ஊற்றியிருக்கிறேன். அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாது, நுரையும் கட்டும். இப்போது மேனுவல் சொல்லும் விஜி 100 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) கம்ப்ரஸர் ஆயில் மட்டுமே, நடுப்புள்ளி வரைக்கும்தான்.

கிராங்க்கேஸ் மூச்சு விடும் துளையான பிரீத்தரை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயிலை மேலே தள்ளும். என்னுடையதில் பிசுக்குப் பிடித்திருந்தது, கழுவி மாட்டினேன்.

இப்போது முன்பு பத்து நாளில் ஊற்றிய அளவு மூன்று மாதத்துக்கு வருகிறது. போன வருடம் வால்வு பிளேட்டில் கரி சுரண்ட ஹெட்டைத் திறந்தபோது, சும்மா ஒரு ஆர்வத்தில், அன்று கழற்றிப்போட்ட பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடு) ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்தேன். மேனுவல் சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது.