வாங்கின கையோடு செலவு வைக்கும் பழைய கார்: எந்தக் கதவைத் தட்டுவது?

பழைய கார் வாங்கினால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு செலவு வரும். வராமல் போனால் அதிர்ஷ்டம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை விற்கிறவர்கள் குறைவு. கிளட்ச் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோதோ, நாலு டயரும் வழுக்கையானபோதோ, ஏசி கம்ப்ரஸர் முனக ஆரம்பித்தபோதோதான் பலருக்கு விளம்பரம் போடத் தோன்றும். அதனால் கோளாறு வந்ததற்காக நொந்துகொள்ள ஒன்றுமில்லை. அதை எங்கே கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் செலவு இரண்டாயிரத்தில் முடியும், அல்லது நாற்பதாயிரத்தில் போய் நிற்கும்.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா என்பதுதான் எப்போதும் நடக்கும் சண்டை. என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: கோளாறு என்ன என்று சொல்லப்போவது யார்? கண்டுபிடிக்கிறவரும் சரிசெய்து காசு வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் பில் எகிறுகிறது. முந்தைய ஓனர் என்னென்ன செய்தார் என்று தெரியாத காராக இருந்தால் இன்னும் மோசம். எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும்.

ஒரு உதாரணம். என் மச்சான் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வாங்கினார். தாம்பரம் பக்கம் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நின்றால் இன்ஜின் சூடு ஏறும், ஏசி காற்று வெதுவெதுப்பாகிவிடும். செங்கல்பட்டு தாண்டி எண்பதில் போனால் ஒன்றும் இல்லை. முதலில் போன இடத்தில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்க்கணும் என்றார்கள். அடுத்த இடத்தில் ரேடியேட்டர் மாற்றச் சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்தவர் பானெட்டைத் திறந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) பாட்டிலை மட்டும் உற்றுப் பார்த்தார். உள்ளே துரு நிறத்தில் கலங்கல். "சார், முன்னாடி வச்சிருந்தவரு போர் தண்ணிய ஊத்தியே ஓட்டியிருக்காரு. கேஸ்கெட் எல்லாம் அப்புறம். ஏசிய போடுங்க, ஃபேன் சுத்துதான்னு பாப்போம்" என்றார். ஃபேன் சுற்றவில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன ஸ்விட்ச், ரிலே, போயிருந்தது.

யோசித்தால் காரணம் எளிது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கிறது. நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேன் இல்லையென்றால் ஏசி கேஸின் அழுத்தமும் ஏறும், கம்ப்ரஸர் தானாகவே நின்றுகொள்ளும். நின்றால் மட்டும் சூடு என்றால் சந்தேகம் ஃபேன் பக்கம். நெடுஞ்சாலையில் இழுக்கும்போது சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் பார்க்கலாம். எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது, பாட்டிலில் குமிழி விடுகிறது, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் படிகிறது என்றால்தான் கேஸ்கெட். அப்போதும் ஹெட்டை இறக்குமுன் கூலன்ட்டில் இன்ஜினுக்குள் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று நீல திரவத்தை வைத்து ஒரு சோதனை உண்டு. நிறம் மாறினால் சந்தேகம் உறுதி. அந்தச் சோதனையைக் கேள்விப்படாத ஒர்க்‌ஷாப் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

இனி ஒவ்வொரு கதவாகப் பார்ப்போம்.

முதலில் விற்றவர்

பெரும்பாலானவர்கள் கடைசியாகத்தான் இவரிடம் போகிறார்கள். முதலில் போக வேண்டியவரே இவர்தான். காரைப் பிரித்து ரிப்பேர் பார்த்துவிட்டால் ஆதாரம் போய்விடும், பிறகு "அது நீங்க பண்ணினது" என்று கைவிரிப்பார்கள். கோளாறை வீடியோ எடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் ஒரு ரிப்போர்ட் வாங்குங்கள். விற்பனை விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொட்டால் போதும்.

வாங்கியது வியாபாரியிடமா, தனி ஆளிடமா என்பதில் வித்தியாசம் பெரிது. வியாபாரி என்றால் நீங்கள் நுகர்வோர். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டாலே சில இடங்களில் குரல் தணியும். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வாகன வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்களுக்கு விற்றவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சுவார்த்தையின் தோரணையே மாறும்.

வாரண்டி கொடுத்தவர்களிடம் வாங்கியிருந்தால் தாளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸின் உள்பாகங்கள் மட்டும்தான் அதில் வரும். கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி எல்லாம் தேய்மானக் கணக்கில் போய்விடும். சாதாரணமாகப் போவது என்னவோ அவைதான்.

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பெரிதாக ஒன்றும் நடக்காது. நுகர்வோர் ஆணையம் இங்கே கைகொடுக்காது. பொய் சொல்லி விற்றார் என்று சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்தான், ஆனால் இருபதாயிரம் ரூபாய் கிளட்ச்சுக்காக வருடக்கணக்கில் யார் அலைவது? மரியாதையாகப் பேசி பாதிச் செலவை வாங்க முடிந்தால் அதுவே லாபம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

இவர்களிடம் இருக்கும் மிகப் பெரிய பொருள் ஸ்கேனரோ ஸ்பேரோ இல்லை, காரின் ஜாதகம். அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் எப்போது எந்தக் கிலோமீட்டரில் என்ன வேலை நடந்தது என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியதும் ஒரு சாதாரண சர்வீஸுக்கு விட்டு, பழைய ஹிஸ்டரியைக் கேளுங்கள். மீட்டரில் 62,000 காட்டும் கார் நாலு வருடத்துக்கு முன்பே 95,000 ஓடியிருந்தது அங்கேதான் தெரியவரும். அந்தப் பிரிண்ட் கையில் இருந்தால் மேலே சொன்ன வியாபாரியிடம் பேசுவதே வேறு மாதிரி.

கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலைக்கும் இவர்களே சரி. ஏஎம்டி காரில் கியரைத் தானாக மாற்றும் ஆக்சுவேட்டரை மாற்றினால் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஏர்பேக் லைட், இம்மொபிலைசர் சாவி, சாஃப்ட்வேர் அப்டேட்... தெருமுனையில் இதையெல்லாம் ஒட்டுப்போட்டால் பின்னால் இரட்டைச் செலவு. ரீகால், அதாவது தயாரிப்புக் குறைக்காக கம்பெனியே காரைத் திரும்ப அழைத்தது, ஏதாவது பாக்கி இருந்தால் அதுவும் இங்கே இலவசம். பழைய காருக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் பழுது நீக்குவதை விட அசெம்ப்ளியோடு மாற்றுவதுதான் இவர்கள் வழக்கம். லோயர் ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் போனால் ஆர்மையே மாற்றச் சொல்வார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டியில் அதை இயக்கும் மெகட்ரானிக்ஸ் போனால் முழு யூனிட்டுக்கு எஸ்டிமேட் வரும். பழைய போலோவின் விலையில் கணிசமான பங்கு அது. அதையே பிரித்துச் சரிசெய்து தரும் தனி நிபுணர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். டிகார்பனைசிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி என்று எஸ்டிமேட்டின் அடியில் ஒரு வால் தொங்கும், கேட்காமலே அடித்துவிடலாம்.

தெருமுனை மெக்கானிக்

காது உள்ளவர்கள் இவர்கள். 1.3 மல்ட்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்வோம். ஃபியட்டின் இந்த 1248 சிசி இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஊர்ப்பட்ட கார்களில் ஓடியது, 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. தமிழ்நாட்டில் இதை அறியாத மெக்கானிக் இருக்க மாட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி "கரகர" என்று வரும் சத்தத்தை வைத்தே டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது, ஆயில் சரியாக மாற்றவில்லை என்று சொல்லிவிடுவார்கள். அது எரர் கோடாக வருவதற்கு வெகுநாள் முன்னாடி. கிளட்ச், சஸ்பென்ஷன், பிரேக், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் தயங்காமல் இவரிடம் கொடுக்கலாம். அதே பார்ட்டைப் போட்டு, லேபரில் பெரிய தொகை மிச்சம் பிடிக்கலாம். பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார், கம்பெனியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

குறை என்னவென்றால், பல பேருக்குக் கோளாறைத் தேடுவது என்றால் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பது. "இத மாத்திப் பாப்போம்" என்ற வாக்கியம் வந்ததும் சுதாரித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பார்த்த பார்ட்டுக்கும் காசு உங்களுடையதுதான். இன்ஜெக்டர் சந்தேகம் என்றால் முதலில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று பார்க்கும் லீக்-ஆஃப் டெஸ்ட், சார்ஜிங் சந்தேகம் என்றால் மல்ட்டிமீட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை காட்டினால் பொதுவாக ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பில் இல்லை, வாரண்டி வாய்வார்த்தை என்பதும் உண்டு. ஆன்லைனில் பணம் அனுப்பி, என்ன மாற்றினார் என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே மல்ட்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்கள். பளிச்சென்ற தளம், காபி மெஷின், ஆப். வேலை செய்வது எல்லா ஊரிலும் உள்ள அதே பையன்கள். ஓனரே நின்று வேலை பார்க்கும் இடமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கம்பெனியின் விலையும் தெருமுனையின் வாரண்டியும் சேர்ந்து கிடைக்கும்.

ஆக நான் செய்யச் சொல்வது: ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, ரிப்பேர் இங்கே செய்யப்போவதில்லை என்று சொல்லியே ஒரு இடத்தில் செக்கப் செய்யுங்கள். வேலையை வேறு இடத்தில் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் ஆள் பயமுறுத்த வேண்டிய அவசியமில்லை. என் மச்சான் கேஸில் ரிலேயும், கூலிங் சிஸ்டத்தைக் கழுவி நல்ல கூலன்ட் ஊற்றியதும்தான் மொத்தச் செலவு. முதல் எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்பேரில் இருக்கும் சூட்சுமம்

கம்பெனி ஸ்பேரை கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எம்ஆர்பி அச்சிட்ட அதே பெட்டி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான இடங்களில் கிடைக்கும், பல சமயம் எம்ஆர்பிக்குக் கீழே. பாஷ், வேலியோ, லூக் போல கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். கிளட்ச் செட், ஃபில்டருக்கு என் தேர்வு அதுதான். பெயர் தெரியாத பெட்டி பிரேக் பேடில் வேண்டவே வேண்டாம்.

சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் புதுப்பேட்டை தனிக் கதை. கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர், சைடு மிரர், சீட் என்றால் தாராளமாகப் போங்கள். ரப்பர், கேஸ்கெட், பெல்ட், பிரேக் சாமான்களை அங்கே தேடாதீர்கள். எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ. இன்ஜினையே அங்கிருந்து எடுத்து மாற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் புது எண் ஏற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வம்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். செவ்ரோலே 2017 கடைசியில் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபியட்டும் போய்விட்டது, மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் தயாரிப்பு நின்றது. இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்குச் சில சாமான்களுக்கு புதுப்பேட்டையை விட்டால் வேறு போக்கில்லாமலும் போகலாம்.

தள்ளிவிடுவது

ரிப்பேர் எஸ்டிமேட் காரின் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கணக்கு. வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் பல கை மாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்சுற்றில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று. கார்பெட்டைத் தூக்கினால் அடியில் வண்டல், வயரிங் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஏபிஎஸ் லைட், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. எந்த மெக்கானிக்காலும் முழுதாகச் சரிசெய்ய முடியாத கார் இது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் ரிப்போர்ட்டோடு நேராக ஆணையத்துக்குப் போங்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால், உண்மையைச் சொல்லி, வருகிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.