ஜெயிச்ச பணத்தை எடுக்க ‘வரி’ கேக்கறாங்களா? கட்டாதீங்க

பனியன் கம்பெனியில சனிக்கிழமை சம்பளம் வாங்கறவங்க, தறி ஓட்டறவங்க, காலேஜ் பசங்க எல்லாருக்கும் சேத்துத்தான் ஆன்லைன் கிரிக்கெட் பந்தய மோசடி பத்தி இதை எழுதறோம்ங்க.

ஐபிஎல் ஆரம்பிச்சா, யார் ஜெயிப்பாங்கன்னு இலவசமா வாட்ஸ்அப்ல வரும். மூணு மேட்ச் வரிசையாப் பலிக்கும். வித்தை ஒண்ணும் இல்லைங்க. 800 பேர்ல 400 பேருக்குச் சென்னைன்னும் 400 பேருக்கு மும்பைன்னும் தனித்தனியா அனுப்பறாங்க. தப்பாப் போன பாதியைக் கழட்டி விட்டுட்டு மீதியை மறுபடி பாதியாக்கறாங்க. மூணாவது மேட்ச் முடியறப்ப 100 பேருக்கு மூணுமே சரியா வந்திருக்கும். அந்த 100 பேருக்குத்தான் பெட்டிங் ‘ஐடி’, அதாவது பந்தயம் கட்ட ஒரு கணக்கு தருவாங்க.

500 ரூபாய் போடச் சொல்லுவாங்க. யுபிஐ யாரோ தனி ஆள் பேர்ல இருக்கும், அடுத்த வாட்டி வேற பேரு. அங்கயே நிறுத்திடுங்க. நம்பிக்கைக்காக முதல் 1,000 ரூபாயை எடுக்க விடுவாங்க. அப்புறம் ஸ்கிரீன்ல 40,000 காட்டும். எடுக்கப் போனா, “30% வரி 12,000 கட்டுங்க, உடனே வந்துரும்”பாங்க. கட்டினா அடுத்து ஜிஎஸ்டி, அதுக்கப்புறம் கணக்கைத் திறக்க ஒரு கட்டணம்.

30% வரிங்கறது நெசமாவே இருக்கு, அதனாலதான் படிச்சவங்களும் ஏமாறறாங்க. ஆனா வருமான வரிச் சட்டப்படி, பணம் தர்றவங்கதான் அதைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தரணும். பிடிச்ச வரி உங்க பான் எண்ணுக்கு வருமான வரித் துறை கணக்குல வரும். 40,000 உண்மைன்னா 12,000-ஐக் கழிச்சுட்டு 28,000 அனுப்ப வேண்டியதுதானே? கழிக்க அங்க பணமே இல்லைங்க.

ஒழுங்கா நடத்தினாலும் கணக்கு உங்களுக்கு எதிராத்தான். ரெண்டு டீமுக்கும் ரேட் 1.90-ன்னா (100 போட்டு ஜெயிச்சா 190 கைக்கு வரும்), ரெண்டு பக்கமும் 100 ரூபாய் விழுந்தா வசூல் 200, பட்டுவாடா 190. நூத்துக்கு 53 தடவை சரியாச் சொன்னாத்தான் கையைக் கடிக்காது.

வெளிநாட்டு லைசென்ஸ்னு சான்றிதழ் காட்டினா மயங்காதீங்க. 2025 ஆகஸ்டுல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டத்துல, பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் நடத்தறவங்களுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். தமிழ்நாட்டோட 2022 சட்டத்துல ஆடறவங்களுக்கும் 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 வரை அபராதம், இல்லை ரெண்டுமே. இந்தப் பயத்துல புகார் கொடுக்காம இருப்பீங்கன்னுதான் அவனுங்க தைரியமா இருக்கானுங்க. பந்தயத்துல ஜெயிச்சதைக் கேட்டு வழக்குப் போட முடியாது, 1872 ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு அப்படி. வரின்னு பொய் சொல்லி வாங்கினது வேற, அது மோசடி.

மாசம் இவ்வளவு தர்றேன், பேங்க் கணக்கு, ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் குடுன்னு பசங்களைக் கேக்கறதும் நடக்குது. மேல சொன்ன ‘யாரோ தனி ஆள்’ இப்படிக் கிடைச்சவங்கதான். போலீஸ் முதல்ல வந்து நிக்கறது கணக்குக்காரர் வீட்டு வாசல்ல.

பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க, ராத்திரியானாலும் சரி. பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க முடியும். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் இருக்கற 12 இலக்க எண்ணைக் குறிச்சு வெச்சுக்குங்க. கோபத்துல வாட்ஸ்அப்ல பேசினதை அழிச்சுடாதீங்க. புகார் எண் வந்ததும் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க. நடுவுல “பணத்தை மீட்டுத் தர்றோம், 5% முன்பணம்”னு ஒரு போன் வரும். அதையும் எடுக்காதீங்க.