கல்யாண ஸ்டார்ட்டர் கவுண்டரை ஆப்பில் புக் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள், எங்களுக்கு 72,000 ரூபாய் போச்சு

போன வாரம் திருச்சியில் என் தங்கச்சி கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் ஸ்டார்ட்டர் கவுண்டர் போடுகிறோம் என்று 72,000 ரூபாயை முழுசாக வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டார்கள். பணம் திரும்ப வரவில்லை. இன்று காலை "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரியில் மெயில் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆடி முடிந்ததும் ஆவணி முகூர்த்தத்துக்கு எத்தனையோ வீடுகளில் இப்போது ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை. மண்டபம், மேக்கப், போட்டோ, கேட்டரிங் என்று கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துத் தருகிற ஒரு ஆப், அவ்வளவுதான் சொல்வேன்.

ரிசப்ஷனுக்கு ஸ்டார்ட்டர் எதற்கு, சாப்பாடுதான் இருக்கிறதே என்று எங்கள் சித்தப்பாவே கேட்டார். ஆனால் ஆறரை மணிக்கு வருகிறவர்கள் மேடையில் ஏறி மொய்க்கவரைக் கொடுத்து போட்டோ எடுத்துவிட்டு இறங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, அதற்குள் முதல் பந்தி நிரம்பிவிடும், குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். அந்த நேரத்துக்கு வாயில் போட ஏதாவது வேண்டும். அதுவும் மாப்பிள்ளையின் பாட்டிக்கு சர்க்கரை உண்டு, ஏழு மணிக்கு மாத்திரை போட்டால் உடனே ஏதாவது சாப்பிட்டாக வேண்டும் என்று சம்பந்தியம்மா முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தார். எங்கள் சமையல்காரர் அண்ணன்தான் என் கல்யாணத்துக்கும் சமைத்தவர், அவருக்கு இலைச் சாப்பாடுதான் தொழில், கவுண்டர் வேலை எடுக்க மாட்டார். அதனால்தான் இதை மட்டும் தனியாக வெளியில் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஐட்டம் தேர்வு செய்ய நானும் அம்மாவும் அவ்வளவு யோசித்தோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்பவர்கள் கையில் சட்னி சொட்டக்கூடாது. பல் போன பெரியவர்களுக்கு மெத்தென்று ஒன்று இருக்க வேண்டும். கோபி 65 எண்ணெயிலிருந்து எடுத்த பத்தாவது நிமிஷமே நமுத்துவிடும், பனீர் டிக்கா ஆறினால் ரப்பர்தான், அதனால் எல்லாமே சுடச்சுடத் தின்கிற சமாச்சாரமாக இருந்தால் சரிப்படாது, ஆறினாலும் தின்னக்கூடியது பாதியாவது வேண்டும் என்று கணக்குப் போட்டோம். பானி பூரியை தண்ணீருக்குப் பயந்து விட்டுவிட்டோம். கடைசியில் குழிப் பணியாரம், வாழைப்பூ வடை, கோபி 65, பனீர் டிக்கா, மினி சமோசா, மாங்காய் போட்ட பட்டாணி சுண்டல் என்று ஆறு ஐட்டம். தலைக்கு 180 ரூபாய், 400 பேருக்கு 72,000.

ஆப்பில் பிடித்த கவுண்டர்காரர் ருசி பார்க்கச் சொல்லி வீட்டுக்கே வந்தார். ஹாட்பாக்ஸைத் திறந்தால் பணியாரம் ஆவி பறக்கிறது, தாளித்த வெங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கிறது, வாழைப்பூ வடை ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, ஒரே வாய். அம்மா காரம் கொஞ்சம் குறைக்கணும் என்றதும் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பாட்டி விஷயத்தைச் சொன்னதும், "கவலைப்படாதீங்கம்மா, முதல் ஈடு எடுத்ததும் பாட்டிக்கு நானே கையில கொண்டுபோய் கொடுத்துடுறேன்" என்றார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்து, கிளம்பும்போது தாம்பூலம் வைத்து அனுப்பினார். அந்த ஆப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று பச்சை டிக், உணவுப் பாதுகாப்பு உரிம எண், எல்லாம் இருந்தது. "பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும், நிகழ்ச்சி முடிந்து நீங்கள் சரி என்ற பிறகுதான் வெண்டாருக்குப் போகும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் 72,000 ரூபாயையும் ஆப் வழியாகவே கட்டினோம்.

ரிசப்ஷன் அன்று ஐந்து மணிக்கு வந்து அடுப்பு பூட்ட வேண்டும் என்பது பேச்சு. ஆறு மணி வரை "பசங்க வழியில இருக்காங்க" என்றார். ஆறரைக்கு நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, ஆள் இல்லை. ஏழு மணி தாண்டி ஒரு ஆட்டோவில் இரண்டு பையன்கள் இறங்கினார்கள். அடுப்பு இல்லை, பணியாரச் சட்டி இல்லை, மாஸ்டர் இல்லை, அந்த ஆளும் இல்லை. தெர்மோகோல் பெட்டியில் எங்கேயோ பொரித்துக் கொண்டுவந்த சமோசாவும் கோபியும் மட்டும். கோபியை எடுத்தால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டுகிறது, சமோசா அடியில் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கிறது. நூறு பேருக்குக்கூட வராது, கால் மணி நேரத்தில் பெட்டி காலி. பையன்களைக் கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, கொண்டுபோய் வைக்கச் சொன்னாங்க" என்கிறார்கள். பாட்டி மாத்திரை போட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், சம்பந்தியம்மா எங்களைப் பார்க்கிறார், அம்மா வாயே திறக்கவில்லை, கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

மானத்தைக் காப்பாற்றியது சமையல்கார அண்ணன்தான். "நீ மேடைக்குப் போ பாப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்றவர், முதலில் பாட்டிக்கு இரண்டு இட்லியை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அப்புறம் மறுநாள் வறுவலுக்கு வைத்திருந்த வாழைக்காயைச் சீவி பஜ்ஜி போட்டார், ஈடு ஈடாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரியே காந்தி மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி வாழைக்காய் மறுபடி வாங்கினோம். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இனி அந்த ஆப்காரர்கள் கதை. எட்டு மணிக்கே, மண்டபத்தில் நின்றபடியே, என் வீட்டுக்காரர் அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு காலிப் பெட்டிகளின் படத்தோடு புகார் அனுப்பிவிட்டார். மறுநாள் தாலி கட்டி முடிந்து போன் போட்டால், வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் வராதாம், ஆப்புக்குள்தான் புகார் போட வேண்டுமாம், அதுவும் நிகழ்ச்சி அன்று நள்ளிரவுக்குள். நேரம் தாண்டிவிட்டதால் 72,000 ரூபாய் தானாகவே வெண்டாருக்குப் போய்விட்டதாம். கல்யாண வீட்டில் நள்ளிரவுக்குள் எவன் உட்கார்ந்து படிவம் நிரப்புவான்? நாங்கள் சரி என்று சொல்லவே இல்லையே என்றால், வெண்டார் படம் ஏற்றியிருக்கிறார், அதனால் சேவை நடந்ததாக எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நிரம்பி வழிகிற தட்டுகள், பின்னால் மேடையில் பூவில் எழுதிய பெயர்கள் வேறு யாரோ மணமக்களுடையவை! எழுத்தைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்பினேன். போனில் பேசிய பெண், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன் மேடம், பொறுமையாக இருங்கள்" என்றார். அடுத்த தடவை வேறு ஒருவர் எடுத்து முதலிலிருந்து கதை கேட்டார். அப்புறம் 2,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 72,000 போன இடத்தில் கூப்பன்! அந்த ஆளோ, நீங்கள் சொன்னதைவிட அதிகம் பேரைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்று ஒரு தடவை கத்திவிட்டு போனை அணைத்தவர்தான். பச்சை டிக்குக்குக் கீழே இருந்த அந்த 14 இலக்க உரிம எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தோம், அது வேறு ஊர் பேக்கரி ஒன்றின் எண். அதையும் அவர்களிடம் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பதில்தான் காலையில் வந்த அந்த ஒரு வரி.

எப்படி ஆள் பார்ப்பது, எத்தனை ஐட்டம் வைப்பது என்றெல்லாம் விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். ஆப்பில் கட்டினாலும் முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், பாதியை கவுண்டர் ஓடும்போது கையில் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாதவர் வேண்டவே வேண்டாம். உரிம எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள், டிக்கை நம்பாதீர்கள். எத்தனை மாஸ்டர், எத்தனை அடுப்பு, எத்தனை மணிக்கு, எத்தனை பீஸ் என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் பிடிக்கிற ஆள் கவுண்டர் போடுகிற வேறு ஒரு கல்யாணத்துக்கே போய் நேரில் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுவருகிற ஹாட்பாக்ஸ் எதற்கும் சாட்சி இல்லை. புகாரை அன்றைக்கே ஆப்புக்குள்ளும் போடச் சொல்லி வீட்டில் ஒரு பையனிடம் பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி இந்த மாதிரி தளங்கள் குறைதீர் அலுவலர் பெயரைப் போட வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நாங்கள் அங்கேதான் போகிறோம். பில், அந்த வேறு கல்யாணப் படம், சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தனியாகக் கேளுங்கள், எந்த ஆப் என்று சொல்கிறேன்.